கோயிம்பிராவில் அப்பா இருந்த மூன்று மாதம்

நாங்கள் போர்ச்சுகல் போகப்போகிறோம் என்று தெரிந்தபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் கோயம்புத்தூர் என்றுதான் நினைத்தார்கள். ஊரின் பெயர் அப்படி. கோயிம்பிரா. எதிர்வீட்டு அம்மா என் மனைவியிடம், “கோயமுத்தூர்ல தண்ணி நல்லாருக்கும்மா, தலைமுடி கொட்டாது” என்று சொல்லி வாழ்த்தினார். இவள் திருத்தவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்தாள்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் அவள் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கோயிம்பிராவில் இருந்த பழைய பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட ஆராய்ச்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. இரண்டாயிரத்து ஆறாம் வருடம் அது. மனைவி ஆராய்ச்சி செய்யப் போகிறாள், கணவன் துணைக்குப் போகிறான் என்பது நாங்கள் இருந்த பெரிய காஞ்சிபுரத்தில் கொஞ்சம் புதிய செய்தி. “அங்க போயி நீ இன்னா பண்ணுவ?” என்று கேட்டார்கள். “இங்க பண்ற அதே வேலைதான்” என்றேன். அது உண்மை.

என் வேலை இணையத்தில். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான்கு வருடம் இருந்தபோது சும்மா கற்றுக்கொண்டது, பிறகு அதுவே பிழைப்பானது. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடைக்கு வலைப்பக்கம் செய்துகொடுத்தேன். அதைப் பார்த்து இன்னும் மூன்று கடைக்காரர்கள் கேட்டார்கள். அப்புறம் எப்படியோ தேடிக்கொண்டு கனடாவில் நாய் வளர்க்கும் ஒருவரும் ஆஸ்திரேலியாவில் ஒரு குழாய் ரிப்பேர்காரரும் வந்து சேர்ந்தார்கள். வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் வயர். அவ்வளவுதான் என் தொழிற்சாலை. இப்போது இப்படி ஊர் ஊராக மடிக்கணினியோடு திரிகிறவர்களை டிஜிட்டல் நாடோடிகள் என்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அப்பாவிடம் சொல்லியிருக்க முடியாது.

அப்பா முப்பத்து நான்கு வருடம் தபால்காரராக இருந்தவர். ஏகாம்பரநாதர் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்கள் அவருடையவை. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் யாருக்கு எந்த ஊரிலிருந்து கடிதம் வரும், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று அவருக்கு மனப்பாடம். காலையில் குளித்து, காக்கிச் சட்டையைப் போட்டு, சைக்கிளைத் துடைத்துக்கொண்டு கிளம்பினால்தான் அவருக்கு அது வேலை. நான் லுங்கியோடு முன்னறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆறவில்லை.

“இன்னா வேலைடா இது? சட்டை போட்டுக்கினு வெளிய போவாத வேலை?”

“வேலை உள்ளயே வருதுப்பா.”

“எந்த ஆபீஸ்லருந்து வருது? அதுக்கு அட்ரஸ் இருக்குதா, இல்லியா?”

நான் எத்தனையோ முறை விளக்கினேன். முடிவில் அவர் “சரி” என்பார். புரிந்ததற்கான சரி அல்ல அது. இதற்குமேல் கேட்டால் பிள்ளை வருத்தப்படுவான் என்று தெரிந்த சரி.

அம்மா நாங்கள் கிளம்புவதற்கு மூன்று வருடம் முன்பே இறந்துவிட்டார். அக்காவைக் கூரத்தில் கொடுத்திருந்தோம். விவசாயக் குடும்பம், பெரிய வீடு. “நீ அங்க போயி இருப்பா” என்றால் அப்பா கேட்கவில்லை. கூரத்தில் இரண்டு நாள் இருப்பார், மூன்றாம் நாள் முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் திரும்பிவிடுவார். எங்களோடு வரச்சொல்லியும் மறுத்துவிட்டார். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்து அவர் கேட்டது ஒன்றுதான். புது வீட்டின் முழு விலாசம், பின்கோடோடு. நான் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்து, இரண்டு இடத்தில் என் கையெழுத்து புரியவில்லை என்று திருத்தி எழுத வைத்தார்.

கோயிம்பிரா ஒரு குன்றின் மேல் இருக்கிறது. உச்சியில் பல்கலைக்கழகம், அடியில் ஆறு, நடுவே எல்லாம் படிக்கட்டுகளும் வளைந்து ஏறும் சந்துகளும். கறுப்பு அங்கி போட்ட மாணவர்கள் அந்தப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது பாதி ஏற்றத்தில் ஒரு மாடி வீடு. மழைக்காலத்தில் சுவர் ஓதம் காத்துப் பச்சையாகப் பூத்துவிடும். சமையலறை மட்டும்தான் கொஞ்சம் கதகதப்பு. அங்கே இருந்த மேஜையில்தான் என் வேலை.

காந்தி ரோட்டுக் கடைகள் திறக்கும் நேரம் அங்கே விடியற்காலை. நான் நான்கரைக்கு எழுந்து ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காருவேன். ஹெட்போனில் பட்டுக்கடை முதலாளி பேசுவார். பின்னால் ஆட்டோ ஹாரன் கேட்கும், “ரெண்டு டீ குடுப்பா” என்று யாரோ சொல்வது கேட்கும். ஜன்னலுக்கு வெளியே மழை, தேவாலய மணி. என் மனைவி எட்டு மணிக்கு ஆய்வகத்துக்குப் போவாள். அவள் போனபின் நான் பகல் முழுக்க யாரோடும் பேசமாட்டேன். காஞ்சிபுரத்தில் கடை சாத்தும்போது எனக்கும் நாள் முடிந்துவிடும். அப்போது ஜன்னலுக்கு வெளியே மூன்று, நான்கு மணி வெயில் பாக்கி இருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. படுத்துவிடுவேன். எட்டு மாதத்தில் நான் அறிந்திருந்த கோயிம்பிரா என்பது சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகும் வழியும் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியும்தான். ‘போம் தியா’ என்று வணக்கம் சொல்லத் தெரியும். பதிலுக்கு யாராவது இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசினால் ஓடிவந்துவிடுவேன்.

அப்பாவின் கடிதம் வாரம் ஒன்று வந்தது. நீல நிற ஏரோகிராம். போனில் ஒரு நிமிடத்துக்குமேல் பேசாதவர் கடிதத்தில் மூன்று பக்கமும் நிரப்புவார். கோயில் குளத்தில் தண்ணீர் ஏறியது, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தது, புதிதாக வந்த தபால்காரப் பையன் வீட்டு எண்ணைப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போகிறான். தன்னைப்பற்றி ஒன்றும் இருக்காது. அதை அக்காதான் சொன்னாள்.

“காலைல வடிச்ச சோத்தையே மூணு வேளையும் துன்னுக்கினு இருக்காருடா. கேட்டா பசிக்கலன்றாரு. பத்து மணியானா சட்டையப் போட்டுக்கினு தெருமுனையில போயி நிக்கறாராம், போஸ்ட்மேன் வரான்னு பாக்க.”

அன்றே கூப்பிட்டேன். “மூணு மாசத்துக்கு வந்துட்டுப் போப்பா” என்றேன். மறுப்பார் என்று நினைத்து இன்னும் நாலு காரணம் தயாராக வைத்திருந்தேன். “சரி, வரேன்” என்றார். எனக்கே ஆச்சரியம்.

ஏப்ரலில் வந்தார். லிஸ்பன் விமான நிலையத்தில் வேட்டிக்குமேல் அக்கா கணவரின் கோட்டு, காலில் புது கான்வாஸ் ஷூ, கையில் ஒரு மஞ்சள் பை. ரயிலில் கோயிம்பிரா வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். “மாடே இல்லியேடா” என்றார் ஒருமுறை.

முதல் வாரம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் எழும் நேரத்துக்கே அவரும் எழுந்துவிடுவார். எதிர் நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து என்னையே பார்ப்பார். நான் தட்டச்சு செய்வதைப் பார்ப்பார், நிறுத்தினால் ஏன் நிறுத்தினேன் என்று பார்ப்பார். முதலாளியோடு பேசும்போது நடுவில், “யாரு, காந்தி ரோட்டுக்காரரா? அவுங்க அப்பாவுக்கு மூட்டுவலி எப்பிடி இருக்குதுன்னு கேளு” என்பார். வெளியே போய்வரச் சொன்னால் மழை என்பார். மழை விட்டால் பாஷை தெரியாது என்பார்.

எங்கள் கட்டடத்தில் தபால் பெட்டிகள் தெருக்கதவுக்கு உள்பக்கம் இருந்தன. தபால்காரப் பெண்மணி ஏதாவது ஒரு வீட்டு மணியை அடித்து “கொர்ரெயு!” என்று குரல் கொடுப்பார். தபால் என்று பொருள். மாடியில் யாராவது பொத்தானை அமுக்கினால் கதவு திறக்கும். நான் இருந்த எட்டு மாதமும் அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை.

அப்பா வந்த ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அந்தக் குரல் வந்ததும் அவர் நிமிர்ந்தார்.

“போஸ்டா?”

“ஆமா. உனக்கு எப்பிடித் தெரியும்?”

“நாங் கத்துன மாதிரியேதான் கத்துது அந்தம்மா” என்று சொல்லிக்கொண்டே ஷூவைப் போடாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

பின்னாலேயே நான் போனேன். கீழே ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், குட்டையாக வெட்டிய நரைத்த முடி, சிவப்பு மேல்சட்டை, சக்கரம் வைத்த பெரிய பை. கையில் ஒரு நீல ஏரோகிராம். அப்பா அதை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் மார்பைத் தட்டிக் காட்டினார். தான் எழுதிய கடிதம்! கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு காஞ்சிபுரத்தில் போட்டது, அவர் வந்த பிறகு வந்துசேர்ந்திருக்கிறது. எழுதுவதுபோல் விரலால் காட்டினார், விமானம்போல் கையை ஓட்டினார், மறுபடி தன் மார்பைக் காட்டினார். அந்தப் பெண்மணிக்குப் புரிந்துவிட்டது. பையைச் சுவரில் சாய்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்பா உடனே தன் பர்ஸை எடுத்தார். அதில் ஒரு சின்னப் புகைப்படம். காக்கிச் சட்டை, சைக்கிள், கைப்பிடியில் தொங்கும் பை. அவர் பர்ஸில் அப்படி ஒரு படம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். அம்மா படம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் அதுவும் இருந்தது. தபால்காரப் பெண்மணி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அந்தக் கடிதம் எனக்கு அல்ல, என் மனைவிக்கு. சாயங்காலம் அவள் அதைப் பிரித்துப் படித்தாள். படித்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது.

“என்ன எழுதியிருக்காரு?”

“எனக்கு வந்த லெட்டரு. உங்களுக்கு எதுக்கு?”

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் அவள் என்னிடம் காட்டினாள். ‘அம்மா, அவனிடம் சொல்ல வேண்டாம். அவனுக்கு அங்கே நிஜமாகவே வேலை இருக்கிறதா, இல்லை உன் சம்பாத்தியத்தில் இருந்துகொண்டு என்னிடம் மறைக்கிறானா? என் மனசு கேட்கவில்லை. நேரில் வந்து பார்த்துவிட்டால் நிம்மதி’ என்று எழுதியிருந்தார். ஊர் பார்க்க வரவில்லை அவர். என்னைப் பரிசோதிக்க வந்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு அவர் பத்து மணிக்குத் தெருமுனையில் போய் நின்றிருந்தார் என்பதுதான் நினைவில் வந்தது.

“நீ என்ன பதில் சொன்ன?” என்று அவளைக் கேட்டேன்.

“‘எதிர்லயே உக்காந்து பாக்கறீங்களே மாமா, நீங்களே சொல்லுங்க’ன்னேன். ‘பாத்தா ஏதோ பண்ணிக்கினுதான் இருக்கறான்’னாரு.”

அதற்குப் பிறகு தினமும் பத்தரைக்கு அப்பா சட்டை போட்டு, தலை சீவி, கோட்டை மாட்டிக்கொண்டு கீழே போய்விடுவார். மணி அடிப்பதற்கு முன்பே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். முதலில் எங்கள் கட்டடத்தின் தபாலைப் பிரித்துப் பெட்டியில் போட உதவினார். அப்புறம் அடுத்த கட்டடம்வரை கூடப் போனார். பத்து நாளில் அந்தச் சந்து முழுக்க. திரும்பி வந்து ஏதாவது ஒரு செய்தி சொல்வார்.

“ஜன்னலுக்கு அவுங்க ஜனேலான்றாங்கடா. மேஜைக்கு மேஸா. சாவிக்கு ஷாவ். நம்ம ஊர்ல போயி பேசக் கத்துக்கினு வந்தாங்களா இவங்க?”

“அவுங்க வார்த்தைதாம்பா நாம வாங்கிக்கினோம். கப்பல்ல வந்தாங்க இல்ல?”

அவர் நம்பவில்லை. மறுநாள் ஒரு கடிதக் கட்டைக் காட்டி அந்தப் பெண்மணி ‘கார்த்தாஷ்’ என்று சொன்னாராம். அப்பா வீடு வந்ததும் வராததுமாக, கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: “கடுதாசிடா! கடுதாசியத்தான் சொல்லுது அந்தம்மா. எங்கம்மா காலத்துல லெட்டருன்னு யார் சொன்னா? கடுதாசிதான்.” அன்று சாப்பிடும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மதியம் ஒரு மணி ஆகியும் அவரைக் காணோம். நான் வேலையை விட்டுவிட்டு இறங்கினேன். மேலே போவதா, கீழே போவதா என்று தெரியவில்லை. எந்தச் சந்துக்குள்ளும் நான் நுழைந்ததே இல்லை. மழைத்தூறலில் படி படியாக ஏறி, மூச்சு வாங்கி, ஒரு சின்னச் சதுக்கத்தில் வந்து நின்றால் அங்கே ஒரு காபிக்கடை. உள்ளே தபால்காரப் பெண்மணியும் அப்பாவும். சின்னப் பீங்கான் கோப்பையில் கறுப்புக் காபி. மேஜைமேல் ஒரு காகிதம் விரித்து அப்பா ஏதோ வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். எங்கள் ஊரின் நான்கு மாட வீதிகள், நடுவில் கோயில், ஒரு கோடு. தான் சைக்கிளில் போகும் வழியைக் கோடு போட்டுக் காட்டியிருந்தார். அந்தப் பெண்மணி பேனாவை வாங்கிப் பக்கத்தில் தன்னுடைய வழியை வரைந்தார். அது கோணல்மாணலாக மேலே ஏறிப் போனது. அப்பா படிகளைக் குறிப்பதற்குக் குறுக்குக் கோடுகள் போட்டுத் தன் முழங்காலைப் பிடித்துக் காட்டினார். அவரும் தன் முழங்காலைப் பிடித்தார்.

“சாப்பாட்டு நேரம் ஆச்சேப்பா” என்றேன்.

“வரேன், இரு. காபி ஆறிடும்” என்றார்.

ஜூன் மாதம் அந்த நாள் வந்தது. காந்தி ரோட்டுக் கடைக்காக நான்கு மாதமாக ஒரு பெரிய வலைத்தளம் செய்துகொண்டிருந்தேன். முந்நூறுக்குமேல் புடவைப் படங்கள். முந்தி, கரை, உடல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் ஆர்டர் கொடுக்க மலேசியாவிலிருந்து சிலர் கடைக்கு வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் முதலாளி அதைத் திறந்து காட்ட வேண்டும். அங்கே மாலை நான்கு, எனக்குப் பகல் பதினொன்றரை. எல்லாம் தயார். கடைசிக் கட்டுப் படங்களை அனுப்புவது மட்டும்தான் பாக்கி. காலை ஒன்பது மணிக்கு இணையம் நின்றுபோனது.

கம்பியைப் பிடுங்கிச் சொருகினேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். டெலிபோனிலும் சத்தம் இல்லை. முந்தைய நாள் பெய்த மழையில் கட்டடத்து லைனே செத்துவிட்டது. மனைவி தன் ஆய்வகத்தாரோடு இரண்டு நாள் வெளியூர் போயிருந்தாள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே ஆற்றங்கரை வரை ஓடினேன். பிரவுசிங் சென்டர் மூடியிருந்தது. அதற்கடுத்ததும் மூடியிருந்தது. தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. அன்று அந்த நாட்டுக்குப் பொது விடுமுறை என்பது அப்போதுதான் உறைத்தது. பல்கலைக்கழகமும் பூட்டியிருக்கும்.

வீட்டுக்குத் திரும்பி வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மணி பத்தைத் தாண்டியிருந்தது. இவ்வளவு பெரிய ஊரில், இவ்வளவு நாள் இருந்தும், போய்க் கதவைத் தட்ட எனக்கு ஒரு வீடு இல்லை. அது அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னாச்சு?”

சொன்னேன். இந்த முறை விளக்கமாக இல்லை. படங்களை அனுப்ப வேண்டும், வழி செத்துப்போச்சு, பதினொன்றரைக்குள் போகாவிட்டால் கடை முதலாளி ஜனங்கள் முன்னால் தலைகுனிந்து நிற்பார் என்று மட்டும் சொன்னேன்.

“டெலிவரி லேட்டாவுது” என்றார் அப்பா.

“ஆமா.”

“கம்ப்யூட்டரு வச்சிருக்கற வூடு வேணும். அவ்ளோதானே?” கோட்டை எடுத்து மாட்டினார். “எழுந்திரு. மேல ரெண்டாவது சந்துல ஒரு பெரியவரு இருக்காரு. பொண்ணு பிரேசில்ல. ஜன்னலாண்டயே கம்ப்யூட்டரு வச்சிக்கினு தெனம் அதுங்கூட பேசுவாரு. நான் பாத்திருக்கேன்.”

“பழக்கமே இல்லாதவங்க வீட்ல போயி எப்பிடிப்பா...”

“உனுக்குத்தான் பழக்கமில்ல. வா.”

அவர் முன்னால் போனார், நான் கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால். எழுபது வயதை நெருங்குகிறவர், எந்தத் திருப்பத்திலும் நிற்கவில்லை. வழியில் ஒரு ஜன்னலிலிருந்து ஒருவர் கையசைத்தார். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு கிழவி “போம் தியா, சென்யோர் கார்த்தெய்ரு!” என்று கூப்பிட்டார். தபால்காரரே, வணக்கம். விடுமுறை நாளில்கூட அவருக்கு அங்கே அதுதான் பெயர்.

பச்சைக் கதவு. அப்பா மணி அடித்தார். திறந்தவர் கட்டம்போட்ட சட்டை போட்ட உயரமான பெரியவர். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அப்பா என்னைக் காட்டினார், கணினியைக் காட்டினார், கைக்கடிகாரத்தைக் காட்டினார், கையால் கழுத்தை அறுப்பதுபோல் காட்டினார். பெரியவர் என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

அவருடைய கம்பியைக் கழற்றி என் கணினியில் சொருகினேன். மெதுவான இணைப்பு. படங்கள் ஒவ்வொன்றாக, எண்ணி எண்ணிப் போயின. பெரியவரின் மனைவி காபியும் ஒரு துண்டு ஆரஞ்சு கேக்கும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, பின்னாலேயே நின்று திரையைப் பார்த்தார். ஒவ்வொரு புடவை வரும்போதும் “ஆய்!” என்று ஒரு சத்தம். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வந்தபோது கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்பா அவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, “இது எங்க ஊருப் பொடவை. இது நெய்யற தெரு எனுக்குத் தெரியும். அங்கதான் நான் கடுதாசி குடுப்பேன்” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் போர்ச்சுகீசில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்று இருபத்தைந்துக்குக் கடைசிப் படம் போனது. ஐந்து நிமிடம் கழித்து என் செல்போன் அடித்தது. முதலாளி எப்போதும் கத்தித்தான் பேசுவார், அறை முழுக்கக் கேட்டது.

“தெறந்துக்கிச்சு தம்பி! எல்லாம் வந்துருச்சு. பெரிசு பண்ணிப் பாத்தா ஜரிகை இழைகூடத் தெரியுதுப்பா. அவுங்க வாயத் தெறந்துக்கினு பாக்கறாங்க. நல்லாருப்ப நீ!”

நான் போனை அப்பாவிடம் கொடுத்தேன்.

“அலோ, நான் அவங்க அப்பா பேசறேன்.”

“யாரு, போஸ்ட்மேன் சாரா? நீங்க அங்கதான் இருக்கீங்களா? உங்க புள்ள இல்லன்னா இன்னிக்கு என் மானம் போயிருக்கும் சார்.”

“அப்பிடியா” என்றார் அப்பா. “அப்பிடியா... சரி. சரி.” போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். அந்த அம்மாள்தான் அவர் கையில் ஒரு தட்டைத் திணித்தார்.

இறங்கி வரும்போது அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. “காலைலருந்து நீ ஒண்ணும் துன்னல. ரசம் வைக்கிறேன், வா” என்றார். ஆனால் மறுநாள் விடியற்காலை நான் எழுந்து வந்தபோது எதிர் நாற்காலி காலியாக இருந்தது. மேஜைமேல் மூடி போட்ட டம்ளரில் காபி. நான் முதலாளியோடு பேசத் தொடங்கியதும் அப்பா வெளியிலிருந்து வந்து, சமையலறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். போகும்வரை தினமும் அப்படித்தான்.

ஜூலை நடுவில் அவரை லிஸ்பனில் விமானம் ஏற்றிவிட நாங்களும் கூடவே ரயிலேறினோம். தபால்காரப் பெண்மணி அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கே வந்தார். சிவப்புச் சட்டை இல்லாமல், பூப்போட்ட கவுனில் அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது. கும்பிட்டார். அவர் அந்த ஊர் வழக்கப்படி அப்பாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அப்பா என் மனைவியைப் பார்த்து, “இன்னாம்மா இது!” என்று வெட்கப்பட்டுச் சிரித்தார். ரயில் கிளம்பிப் பத்து நிமிடம்வரை அவர் காது சிவந்தே இருந்தது.

அவரை விட்டுவிட்டு வந்த மறுநாள் சந்தில் இறங்கினேன். ஒவ்வொரு வாசலிலும் அப்பா எங்கே என்று கேட்டார்கள். பதிலுக்கு எனக்குத் தெரிந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு “காஸா, காஸா” என்றேன். வீடு, வீட்டுக்குப் போய்விட்டார். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நான் அந்த ஊரில் பேசத் தொடங்கினேன். மதியங்களில் படுப்பதை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மனைவியும் பச்சைக் கதவு வீட்டுக்குப் போவோம். பெரியவர் தன் மகளைத் திரையில் கூப்பிட்டு எங்களைக் காட்டுவார். நான் அவர் கணினியில் ஏதாவது சரிசெய்வேன். இவள் அந்த அம்மாளுக்குச் சோற்றில் தயிர் பிசையக் கற்றுக்கொடுத்தாள். அவர் அதில் ஆலிவ் காயைப் போட்டுச் சாப்பிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் அந்த அம்மாள் சாம்பல் நிறக் கம்பளி நூலில் காதுவரை மூடும் குல்லாய் ஒன்று பின்னினார். அப்பாவுக்கு. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் குளிர் கிடையாது என்று நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை, அல்லது புரிந்தும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பார்சல் கட்டி அனுப்பிவைத்தோம்.

மார்கழி முடியும்போது அக்கா ஒரு புகைப்படம் அனுப்பினாள். எங்கள் வீட்டு வாசலில் கோலம், பக்கத்தில் அப்பா, கையில் பால் பாத்திரம். இடுப்பில் வேட்டி, தோளில் ஒரு துண்டு, மேலே சட்டை இல்லை. தலையில் அந்தக் கம்பளிக் குல்லாய், காது இரண்டையும் மூடிக்கொண்டு. நாங்கள் இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அதைப் பச்சைக் கதவு வீட்டுக்குக் கொண்டுபோனோம். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். குல்லாய் அளவாக இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பிறகு தலையாட்டிவிட்டு, அலமாரியில் மகளின் படத்தைக் கொஞ்சம் நகர்த்தி, அதற்குப் பக்கத்தில் இதைச் சாய்த்து வைத்தார்.